பார்த்தவனுக்குத் தெரியுமா?

பிளேட்டோவின் ‘தியேட்டீட்டஸ்’ உரையாடலில் வக்கீல்களைக் கோபப்படுத்தக்கூடிய இடம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே நீதிமன்றங்களில் உழல்பவர்கள் அடிமைகளைப்போல் வளர்கிறார்கள், ஓடுகிற தண்ணீர் அவர்களை விரட்டிக்கொண்டே இருக்கிறது, மனம் கோணிப்போய்க் கெட்டிக்காரத்தனம் மட்டும் மிஞ்சுகிறது என்கிறார் சாக்ரடீஸ். செஷன்ஸ் கோர்ட் வராந்தாவிலேயே தலை நரைத்தவன் நான். பாதிக்குமேல் உண்மை என்றே எனக்குப் பட்டது.

தண்ணீர் என்று அவர் சொன்னது நிஜத் தண்ணீரைத்தான். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் பானையின் அடித்துளையைத் திறந்துவிடுவார்கள். நீர் வடிந்ததும் பேச்சு நிற்க வேண்டும். அந்நகரின் சந்தைத் திடலான அகோராவை அகழ்ந்தபோது அப்படியொரு மண்பானை கிடைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது, சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும், வடிய 6 நிமிடம். பெரிய வழக்குகளுக்குக் கூடுதல் நீர் தருவார்கள். ஆனாலும் எந்த வழக்கும் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். வாய்தா கிடையாது. நூற்றுக்கணக்கானோர் கொண்ட ஜூரி, தங்களுக்குள் கலந்து பேசாமலேயே, பேச்சு முடிந்த கையோடு ஓட்டுப் போட்டுவிடும்.

அறிவு என்றால் என்ன? நூல் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். கணிதத்தில் சூட்டிகையான இளைஞன் தியேட்டீட்டஸ், புலன்களால் உணர்வதே அறிவு என்று முதலில் சொல்கிறான். சாக்ரடீஸ் அதை உடைத்து முடிப்பதற்குள் பாதி நூல் தாண்டிவிடுகிறது. சரியான அபிப்பிராயம்தான் அறிவு என்று அடுத்துச் சொல்கிறான். இதற்கு அவர் நீதிமன்றத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். ஒருவனிடம் பணத்தைப் பறித்துவிட்டார்கள், பார்த்தவர் யாருமில்லை. பேச்சாளர் தன் சாமர்த்தியத்தால் ஜூரியை நம்பவைக்கிறார். நம்பியது உண்மையாகவே இருக்கட்டும். தீர்ப்பும் சரியாகவே இருக்கட்டும். ஜூரி நடந்ததை அறிந்ததா? இல்லை என்கிறார். சரியாகச் சொல்லிவிட்டதாலேயே ஒருவன் அறிந்தவனாகிவிட மாட்டான்.

இந்த இடத்தில் அவர் ஒன்றுக்கு இரண்டாகக் காரணம் சொல்கிறார். தண்ணீர் வடிகிற அவகாசத்தில் உண்மையை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது என்பது ஒன்று. நேரில் பார்த்தவனால் மட்டுமே அறிய முடிந்ததை ஜூரி காதால் கேட்டுத் தீர்ப்பளிக்கிறது என்பது இன்னொன்று. எதிர்த்தரப்பு வக்கீலாக நான் எழுந்து ஆட்சேபிக்க வேண்டிய இடம் இதுதான். புலனுணர்வு அறிவாகாது என்று இத்தனை பக்கம் வாதாடிவிட்டு, பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்று இப்போது சொன்னால் எப்படி? முதல் காரணமே சரி என்றால் நேரம் நிறையக் கொடுத்தால் போதும். இரண்டாவதே சரி என்றால் எத்தனை பானை நீர் கொடுத்தாலும் பயனில்லை.

நான் முதல் காரணத்தின் பக்கம். கண்ணால் கண்ட சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பிழைத்தவனுக்கு இரண்டாவதில் நம்பிக்கை வராது. கண்ணால் பார்த்தேன் என்று கூண்டில் ஏறியவர், தெருவிளக்கு எந்தப் பக்கம் இருந்தது, கத்தி எந்தக் கையில் இருந்தது என்று கேட்டதும் தடுமாறுவார். பொய் சொல்ல வந்தவர் அல்ல, பார்த்தது நிஜம். பார்த்தது எவ்வளவு, பிற்பாடு ஊர் பேசியதைக் கேட்டுச் சேர்ந்துகொண்டது எவ்வளவு என்பது கேள்வி கேட்கக் கேட்கத்தான் பிரியும். சில சமயம் அவருக்கே அப்போதுதான் பிரியும்.

நம் சட்டம் இதில் உஷார். பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றது 1872ஆம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. ஆனால் ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்பதற்கு 3ஆம் பிரிவு தந்த விளக்கத்தில் அறிவு என்ற பேச்சே இல்லை. நீதிமன்றம் நம்பினால் போதும். விவேகமுள்ள ஒருவர் நம்பி நடக்கும் அளவுக்கு அது நிகழ்ந்திருக்கக்கூடும் என்றாலும் போதும். 2024 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த விளக்கம் மாறவில்லை. நீதிபதிக்குத் தெரியாது என்று பிளேட்டோ சொன்னதைச் சட்டம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கேள்வி கேட்கும் உரிமையை எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்கிறது.

தியேட்டீட்டஸ் மூன்றாவதாக, தக்க விளக்கத்தோடு கூடிய சரியான அபிப்பிராயம் என்கிறான். பல பாடப்புத்தகங்கள் இதைத்தான் பிளேட்டோவின் விடையாக எழுதிவைத்திருக்கின்றன. நூலிலோ அதுவும் தள்ளுபடி. விடையில்லாமலே எழுந்துவிடுகிறார் சாக்ரடீஸ். மெலீட்டஸ் தன்மேல் தொடுத்த வழக்குக்காக அவர் போக வேண்டியிருக்கிறது.

அந்த வழக்கு கி.மு. 399இல் நடந்தது. சுமார் 500 ஜூரிகள், ஒரே நாள். மரண தண்டனை வழக்கைப் பல நாள் விசாரிக்கும் சட்டம் இங்கே இருந்திருந்தால் உங்களுக்கு விளங்கவைத்திருப்பேன் என்று அவர் சொன்னதாகப் பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யில் இருக்கிறது. 30 ஓட்டு இடம் மாறியிருந்தால் விடுதலை. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பவை குற்றச்சாட்டு. இதில் ஒருவர் மட்டும் நேரில் பார்க்க என்ன இருக்கிறது? அகோராவின் பணமாற்று மேசைகளருகே தான் பேசுவதை உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள் என்று அவரே ஜூரியிடம் சொல்கிறார். ஆக, பார்த்தவர்கள்தான், கேட்டவர்கள்தான் தீர்ப்பளித்தார்கள். அன்றைய நடைமுறையில் ஜூரி கூச்சல் போடலாம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் முறைப்படி ஒரு கேள்வி கேட்க அவர்களுக்கு இடமில்லை.