மூளையின் இழையும் ஊரின் இழையும்

துன்புற்றவன் தலையிலேயே துன்பத்தின் காரணத்தையும் சுமத்திவிடுவது மிகப் பழைய வழக்கம். அன்று அதனை ஊழ்வினை என்றனர். இன்று விஞ்ஞானத்தின் பெயரால் ‘மூளையின் பலவீனம்’ என்கின்றனர் சிலர். விஞ்ஞானம் உண்மையிற் கூறுவது யாது, அதைத் திரித்துக் கூறுவதால் இலாபமடைவோர் யாவர் என்னும் இரு வினாக்களையும் எழுப்புவது எமது கடமையாகும்.

2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானின் வடகிழக்குக் கரையைப் பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறக்குறையப் பதினெண்ணாயிரவர். செண்டாய் நகரிலுள்ள தொகோகு பல்கலைக்கழகத்தில், வேறு ஆய்வுகளின் பொருட்டு, இளைஞர் சிலரின் மூளைகள் அப்பேரிடருக்கு முன்னரே காந்தப்படக் கருவியாற் பதிவு செய்யப்பட்டிருந்தன. சில மாதங்களின் பின் அவர்கள் மீண்டும் ஆராயப்பட்டனர். இடருக்கு முன்னும் பின்னும் ஒரே மூளையை ஒப்புநோக்கும் அரிய வாய்ப்பு அவ்வாறு கிட்டியது. அதன் முடிவுகள் 2014 இல் வெளியாயின.

அவர்கள் நோக்கியது மூளையின் வெண்பொருளை. மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றுடன் இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதியே அது. இழைகளைப் போர்த்திய கொழுப்புறை அதற்கு வெண்மையை அளிக்கிறது. நீரின் மூலக்கூறுகள் இவ்விழைகளினூடே எத்திசையிற் பரவுகின்றன என்பதை அளந்து இழைக்கட்டின் ஒழுங்கை ஊகிக்கலாம். உணர்ச்சியை நெறிப்படுத்துவதிற் பங்குகொள்ளும் ஓர் இழைக்கட்டின் வலது முன்பகுதியில் இவ்வளவு முன்னரே குறைந்திருந்தோர் பூகம்பத்தின் பின் கூடுதலாகப் பதற்றமுற்றனர். அதே வேளையில், இடப்பக்கத்து இழைக்கட்டுகள் சிலவற்றில், இடருக்குப் பின்னரே மாற்றங்கள் நிகழ்ந்து பதற்றத்தோடு தொடர்புற்று நின்றன. ஓரிடத்து வேறுபாடு முன்பே இருந்தது. வேறோரிடத்து வேறுபாடு பேரிடரோடு வந்தது.

இவ்வாய்வு பாராட்டத்தக்கது. ஆயின் ஆராயப்பட்டோர் சில பத்துப் பேரே. அவர்கள் மனவடு நோயாளரும் அல்லர். அளக்கப்பட்டது அவர்தம் பதற்றம். ஒரு குழுவிற் காணப்படும் சராசரிப் போக்கினைக் கொண்டு தனியொருவனைப் பார்த்து, ‘நீ உடைந்துபோகப் பிறந்தவன்’ என்று தீர்ப்புரைக்க எவருக்கும் உரிமையில்லை.

அத்தகைய தீர்ப்பு வெறுங் கற்பனையென எண்ணிவிடலாகாது. முதலாம் உலக யுத்தத்திற் பதுங்குகுழிகளிலிருந்து நடுங்கியவாறு மீண்ட போர்வீரரின் நோய்க்கு யுத்தம் காரணமன்று, அவர்தம் பிறவிக் குணமும் உதவிப்பணத்தின்மீது கொண்ட ஆசையுமே காரணம் என ஜெர்மனியின் முதன்மையான மனநோய் வைத்தியர் பலர் வாதித்தனர். 1926 இல் அந்நாட்டின் அரச காப்புறுதி மன்று அவ்வாதத்தை ஏற்று, இத்தகைய நோய்க்கு நட்டஈடு பெறும் உரிமையை மறுத்தது. அன்று அவர்களிடம் மூளையைப் படம்பிடிக்கும் கருவி இருக்கவில்லை. இருந்திருப்பின் மறுப்புக் கடிதத்தோடு ஒரு படமும் இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே வேறுபாடு.

செண்டாய்க்கு அண்மையிலுள்ள இவானுமா என்னும் சிறு நகரிற் பிறிதோர் ஆய்வும் நிகழ்ந்தது. பேரலை அந்நகரின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை மூழ்கடித்தது. அதற்கு ஏழு மாதங்கள் முன்னர், 2010 இல், அங்கு வாழ்ந்த முதியோரிடம் அயலவர்மீது எத்துணை நம்பிக்கை, எத்துணை ஒட்டுறவு என்று வினவப்பட்டிருந்தது. பின்னர் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, ஒட்டுறவு மிக்க அயலில் வாழ்ந்தோரிடம் மனவடுவின் அறிகுறிகள் குறைவாகவே காணப்பட்டன. ஆகவே இடருக்கு முன்னரே அளந்தறியக்கூடிய பலவீனம் மண்டையோட்டினுள் மாத்திரம் உறைவதன்று. தெருவிலும் முற்றத்திலும் உறைகின்றது. மூளையின் இழைக்கு இணையாக ஊரின் இழையும் உண்டு.

இவ்விரண்டாம் இழையை அறுப்பதும் காப்பதும் ஆட்சியாளர் கையிலேயே உள்ளன. 1995 இல் கோபே நகரம் பூகம்பத்தில் அழிந்தபின் தற்காலிக வீடுகள் திருவுளச்சீட்டின்படி பகிரப்பட்டன. அயலவர் திசைக்கொருவராய்ச் சிதறினர். முதியோர் பலர் எவரும் அறியாவண்ணம் தனியறைகளில் இறந்து கிடந்தனர். இவானுமாவிலோ ஊரோடு கூட்டாகக் குடியமர்த்தப்பட்டோரின் சமூக உறவுகள் வளர்ந்தன. தனித்தனியே அனுப்பப்பட்டோரின் உறவுகள் தேய்ந்தன. பிறவியில் அமைந்த நரம்பிழையை மாற்றும் வழியை வைத்தியம் இன்னும் காணவில்லை. அயலாரை அயலாராகவே குடியமர்த்துவதற்கோ ஓர் அரசாணை போதுமானது.

2004 டிசம்பரிற் கடலிடம் தம் உறவுகளைப் பறிகொடுத்த எமது நாட்டவர்க்கு இஃது அந்நியக் கதையன்று. மூளையாராய்ச்சியை நாம் வரவேற்கிறோம். நோயுற்றவர்க்கு முற்கூட்டியே உதவி சென்றடைய அது பயன்படட்டும். ஆனால் வேலை மறுக்கவும், நட்டஈடு மறுக்கவும், பாதுகாப்பற்ற இடத்திற் குடிவைத்தவரின் குற்றத்தை மறைக்கவும் அப்படங்கள் சான்றாக நீட்டப்படுமாயின், அவற்றைத் திருப்பி நீட்டியவர் முகத்துக்கு நேரே பிடித்து நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவன் மூளையின் இழையை அளந்தீர், இவன் ஊரின் இழையை அறுத்தவர் யார்?