எடை மெஷின் சொல்லாத கணக்கு

நம் ஊரில் குழந்தைகளை இரண்டே ரகமாகத்தான் பிரிக்கிறார்கள். ஒன்று, 'கொழுக் மொழுக்'. மற்றது, 'நோஞ்சான்'. நடுவில் மூன்றாவது ரகம் கிடையவே கிடையாது. முதல் ரகத்துக்குக் கன்னத்தில் ஒரு செல்லக் கிள்ளு, திருஷ்டிப் பொட்டு. இரண்டாவது ரகம் என்றால், அம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி: "ஏம்மா, குழந்தைக்குச் சரியா சாப்பாடு போடறதில்லையா?"

இந்தத் தீர்ப்புக்கு இருக்கிற ஒரே சாட்சி எடை மெஷின். அடியேன் பி.காம். டோட்டலை மட்டும் காட்டிவிட்டு, எது எதில் எவ்வளவு என்று சொல்லாத கணக்கில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? 'பதினாறு கிலோ' என்பது வெறும் டோட்டல். அதில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? மெஷின் மூச்சு விடாது.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் இந்தக் கணக்கைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. சரி, நம்மது ஒல்லிதானே? அங்கேதான் ஸார் வில்லங்கம்! 2003-ல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் வயிற்று உறுப்புகளும்தான். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது, பார்க்க ஒல்லி, உள்ளே குண்டு.

இதற்கு அவர் தன்னையே உதாரணமாகக் காட்டினார். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் ஜோடியாக போட்டோவுக்கு நின்றார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே மார்க்: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2 சதவிகிதம்! அவர் மராத்தான் ஓடுகிறவர். நம்மவருடைய ஓட்டம், ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதுதானாம். (ஆபீஸ் போகிற வாசகர்கள் இந்த இடத்தில் குனிந்து தங்கள் தொப்பையைப் பார்த்துக்கொள்ளலாம்.)

அடுத்து, "முன்னே எப்படி இருந்தான்! இப்போ இளைச்சுப் போயிட்டானே" என்ற ஒப்பாரி. நாலு, ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது தினசரி நிகழ்ச்சி. உண்மையில் கைக்குழந்தைக்கு முதல் வருஷம்தான் கொழுப்புச் சேரும் சீஸன். அப்புறம் உயரம் கூடக்கூட உடம்பு மெலியும். ஐந்து, ஆறு வயது வாக்கில்தான் இந்த மெலிவு அடிமட்டத்தைத் தொடும். அதன் பிறகு மறுபடி சதை ஏறும். இந்த ஏற்றம் சீக்கிரமே தொடங்கிவிட்டால் பின்னாளில் உடல் பருக்க வாய்ப்பு அதிகம் என்று 1984-லேயே பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். டெல்லியில் பிறந்ததிலிருந்தே கவனித்து வந்த ஒரு கூட்டத்தில், சதை சீக்கிரம் ஏறியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு சர்க்கரைத் தொல்லை அதிகம் இருந்ததாக 2004-ல் தெரிந்தது. ஆக, விலா எலும்பு தெரிகிறதே என்று செல்போனைக் காட்டி, வாய் தானாகத் திறக்கும் நேரம் பார்த்து நாலு உருண்டையைக் கூடுதலாகத் தள்ளுகிறோமே, அது பாசம்தான். ஆனால் பில் பின்னால் வரும்.

சரி, மெஷின் சொல்லாததை வேறு எது சொல்லும்? பிள்ளையின் கை காலைப் பாருங்கள். ஒற்றைக்காலில் நொண்டுகிறதா? பந்தைப் பிடிக்கிறதா? கைப்பிடிச் சுவரைத் தொடாமல் படி ஏறுகிறதா? நொண்டுவதென்றால் முழு உடம்பையும் ஒரே காலில் தூக்க வேண்டும். தசை என்பது தூக்குகிற ஆள். கூடுதல் கொழுப்பு, டிக்கெட் எடுக்காத பிரயாணி.

இந்த வித்தையெல்லாம் வயதானால் தானாக வந்துவிடாது. நடை பழகுகிற குழந்தை விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரி 2,368 அடி எடுத்துவைத்து, 17 தடவை விழுகிறது என்று 2012-ல் அமெரிக்காவில் எண்ணியே பார்த்துவிட்டார்கள். பதினேழு தடவை! நாமாக இருந்தால் இரண்டாவது தடவையே மெடிக்கல் லீவு.

விழவே விடாமல் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஓடத் தெரியாத பையனைத் தெருப் பிள்ளைகள் 'ஒப்புக்குச் சப்பாணி' ஆக்கிவிடும். இரண்டு நாளில் அவனே, "நான் வரலை" என்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆடாததால் சதை, சதையால் இன்னும் ஆட முடியாது. கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது: ஒன்று முதல் நாலு வயது வரை, நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிஷம் ஓடியாட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே திரை பார்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது. அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது. அதற்காக, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததே என்று அலற வேண்டாம். தனியாக நடக்க 8 மாதமும் ஆகலாம், 17 மாதமும் ஆகலாம், இரண்டும் சகஜம்தான். அதையும் தாண்டினால், அல்லது எடை மாதாமாதம் சறுக்கிக்கொண்டே வந்தால், பக்கத்து வீட்டு மாமியைக் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

"ஆபீஸ் விட்டு வரவே எட்டு மணி ஆயிடுது ஸார், எங்கே விளையாடறது?" என்பீர்கள். பழைய சாக்ஸைச் சுருட்டினால் பந்து. ஹாலில் சாக்பீஸால் நாலு கோடு போட்டால் பாண்டி. இருபது நிமிஷம் போதும், ஆரம்பத்துக்கு.

இன்றைக்கு ராத்திரியே பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நீங்களும் நில்லுங்கள். முதலில் காலை ஊன்றியது யார் என்பது மட்டும் ஆபீஸுக்குத் தெரிய வேண்டாம்.