பரீட்சை பிள்ளைக்கு, பொறுப்பு வீட்டுக்கும்!

வ. புதுப்பட்டி, கூமாபட்டி பக்கம் இருந்து காலை பஸ்சில் வரும் கல்லூரி மாணவ, மாணவிகளைப் பார்த்தாலே பரீட்சை வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஒரு கையில் பஸ் கம்பி, மறு கையில் நோட்டு! நவம்பரிலும் ஏப்ரலிலும் இதே காட்சிதான்.

ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973-ல் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984-ல் வந்தது. தென்னந்தோப்பிலும் வயல்காட்டிலும் பாடுபடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பட்டப் படிப்பு படிக்க வழி பிறந்தது. வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் இவர்களில் பலர்.

பெற்றோர் சொல்வது என்ன? "அவன் படிக்கிறது நமக்கு என்ன தெரியும்? பீஸ் கட்டியாச்சு, இனி அவன் பாடு!"

இது சரியல்ல. பாடம் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

கதை கேளுங்கள்!

"படிச்சியா, படிச்சியா?" என்று நச்சரிப்பதால் பலன் இல்லை. "இன்னைக்கு என்ன படிச்சே? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு, பார்ப்போம்" என்று கேளுங்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது! கேட்கிறவருக்குக் கணக்கும் ரசாயனமும் தெரிய வேண்டியது இல்லை. காது கொடுத்தால் போதும்.

விடிய விடிய கண் விழிக்கும் பிள்ளைக்கு ராத்திரி 2 மணிக்கு டீ போட்டுக் கொடுப்பது பாசம்தான். ஆனால் படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். "போதும்ப்பா, படு" என்று விளக்கை அணைப்பதே அதைவிடப் பெரிய உதவி!

மகளுக்கு ஒரு நியாயமா?

பையன் புத்தகத்தை எடுத்தால் வீடே அமைதி. மகள் எடுத்தால், "அந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டுப் படி!" அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022-ல் அரசு தொடங்கியது. அரசு பணம் கொடுக்க முன்வந்தது. வீடு இரண்டு மணி நேரம் கொடுக்கக் கூடாதா? பெண் பார்க்க வருகிறவர்களையும் பரீட்சை முடிந்து வரச் சொன்னால் குடி முழுகிவிடாது!

மைக்செட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குனிப் பொங்கலும் ஏப்ரல் பரீட்சையும் அடுத்தடுத்து வருகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த விதி. சாமி கோபித்துக்கொள்ளாது. சத்தத்தைக் குறையுங்கள்!

அரியர் விழுந்தால்?

விழட்டும்! அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஒரு பேப்பர் போனதற்காக, "தண்டச்சோறு" என்றும், "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்றும் பேசுவதுதான் ஆபத்து. அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் கிடந்தால் அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். 14416 என்ற 'டெலிமானஸ்' எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் தொடங்கிய இந்த இலவச மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. மார்க்கை மறுபடி வாங்கலாம். பிள்ளையை வாங்க முடியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டா? எத்தனை கை சேர்ந்தால் அது நகர்கிறது! படிப்பும் அப்படித்தான். பரீட்சை எழுதுவது ஒரு கை. வடம் பிடிக்க வேண்டியது வீடு முழுவதும்!