கோர்துவானில் ஆளிருக்க வேண்டும்



பிரான்சின் மேற்கே, ஜிரோந்த் கழிமுகம் அத்திலாந்திக் பெருங்கடலைச் சேருமிடத்தில், கரையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவில் நிற்கிறது கோர்துவான் வெளிச்சவீடு. 2021இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. இக்கோடையில் அங்கே செல்ல எண்ணுவோர் இதனைச் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

1584இல் இப்பணி லூயி த புவா என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடோ சமயப் போர்களால் சிதைந்திருந்தது. பணம் ஒழுங்காக வரவில்லை. கடல் திட்டை அரித்துக்கொண்டேயிருந்தது. தம் செல்வத்தையும் இழந்து, கோபுரம் முடியுமுன்பே அவர் மறைந்தார். 1611இல்தான் அது நிறைவுற்றது. உள்ளே மன்னருக்கென்று ஒரு கூடம், அதற்கு மேலே ஒரு சிற்றாலயம். மன்னர் எவரும் அக்கூடத்தில் தங்கியதேயில்லை! தங்கியவர்கள் காவலர்கள், விறகைச் சுமந்து மேலேற்றி, இரவெல்லாம் தீ வளர்த்தவர்கள்.

1823இல் பிரெனெல் தமது வில்லையை முதன்முதலாகப் பொருத்தியதும் இங்கேதான். தடித்த ஒற்றைக் கண்ணாடிக்குப் பதிலாக, வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடித் துண்டுகள் சிதறும் ஒளியைத் திரட்டித் தொலைதூரம் அனுப்பின. உலகக் கடற்கரைகள் பலவும் இவ்வொளியைத்தான் கடன் வாங்கின.

2006இல் விளக்கு தானியங்கியானது. 2012இல் அரசின் கடைசிக் காவலர்கள் வெளியேறினர். அன்றே கதவைப் பூட்டியிருக்கலாம். ஆனால் அப்பகுதியின் பொது அமைப்பொன்று தன் செலவில் காவலர்களை நியமித்தது. இன்றும் அங்கே ஆட்கள் முறைவைத்துத் தங்குகின்றனர்.

செய்மதி வழிகாட்டும் காலத்தில் இச்செலவு எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கப்பலுக்கு இன்று காவலர் தேவையில்லைதான். ஆயினும் கோபுரத்துக்குத் தேவை. இயந்திரம் விளக்கை ஏற்றும். புயலில் உடைந்த சாளரத்தை அடைக்காது, கல்லிடுக்கில் உப்பு நுழைவதைக் கண்டு குரல் கொடுக்காது. இந்நாட்டின் கிராமங்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் திறக்கப்படும் ஆலயங்களுக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த ஈரவாடை நினைவிருக்கும். பிரெத்தாஞ் கடலில் கெரெயோன் வெளிச்சவீட்டின் காவலர்களை 2004இல் திருப்பி அழைத்தார்கள். கோர்துவானுக்கும் அது நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. மரபுரிமைப் பட்டம் சுவரைப் பூசாது.

301 படிகளையும் ஏறுங்கள்; படமெடுங்கள். இறங்கும்போது காவலர்களிடம் ஓரிரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். மார்கழிப் புயலில், பார்வையாளர் படகு வராத நாள்களிலும், அங்கே இருப்பவர்கள் அவர்களே.