அமைக்கலாமா? அமைக்க வேண்டுமா?



மகளுக்கு மாப்பிள்ளை தேடிய காலம் உண்டு. மகனுக்குக் கல்லூரி தேடிய காலம் உண்டு. பெற்றோருக்கு இல்லம் தேடும் காலம் இது! கப்பலிலே பணியாற்றும் மகனும், கடல் கடந்த நாட்டிலே வாழும் மகளும், விளம்பரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கின்றனர். "முதியோர் குடியிருப்பு! மூன்று வேளை உணவு! மருத்துவர் அருகில்! முன்பணம் இவ்வளவு, மாதக் கட்டணம் இவ்வளவு!" என்று கூவுகிறது அந்தத் தாள்.

இத்தகைய குடியிருப்புகளுக்குப் பெயர்பெற்ற நகரம் நம் கோவை. சென்னையின் நெரிசல் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தவழ்ந்துவரும் காற்று உண்டு. சிறுவாணித் தண்ணீர் உண்டு. தேர்ந்த மருத்துவமனைகள் உண்டு. உழைத்துக் களைத்தவருக்கு ஆசை பிறப்பதிலே வியப்பென்ன? அமெரிக்க நாட்டின் அரிசோனாப் பாலைவனத்திலே, 1960 ஜனவரி முதல் நாள், டெல் வெப் என்னும் கட்டிட வணிகர் 'சன் சிட்டி' என்ற முதியோர் நகரைத் திறந்தார். அன்று அங்கே முளைத்த வணிகம், இன்று நொய்யல் கரையிலே வேர்விட்டு நிற்கிறது.

இதைக் கண்டதும் பழம்பெருமை பேசுவோர் பதைக்கின்றனர். "கூட்டுக் குடும்பம் குலைந்ததே! பண்பாடு பாழானதே!" என்று கண்ணீர் வடிக்கின்றனர். கேட்கிறேன்: அந்தக் கூட்டுக் குடும்பத்தின் கூரையைத் தாங்கிய தூண் எது? மருமகளின் முதுகெலும்பு! படுத்த படுக்கையான மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். மாமனாரின் எச்சில் தட்டைக் கழுவியவள் அவள். கூலியில்லை, ஓய்வில்லை, 'நன்றி' என்ற ஒரு சொல்கூட இல்லை. திண்ணையிலே அமர்ந்து பண்பாட்டைப் புகழ்ந்தவர் வேறு; அடுக்களையிலே அதைச் சுமந்தவள் வேறு! சுமந்தவள் இறக்கி வைத்ததும் உலகமே இடிந்துவிட்டதென்று ஓலமிடுவானேன்?

ஆகவே, பொருளுள்ளோர் தமக்கென இல்லம் தேர்ந்து வாழ்வதை நான் பழிக்கவில்லை. தேரட்டும்! ஆனால் விழிப்போடு தேரட்டும்! நாடகம் எழுதும் தொழில் எனக்கு. மேடையிலே மாளிகையாகத் தெரிவது பின்னால் வந்து பார்த்தால் மூங்கிலும் துணியும்தான் என்பதை நான் அறிவேன். விளம்பரமும் ஒரு திரைச்சீலை. அதைத் தூக்கிப் பாருங்கள். ஆறு கேள்விகள் கேளுங்கள்.

வாங்குவது வீடா, வாழ்நாள் வரை தங்கும் உரிமை மட்டுமா? மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும், ஏற்றுபவர் யார்? நடமாடும் வரை வைத்திருந்து, நினைவு தவறினால், படுக்கையில் விழுந்தால், "அழைத்துச் செல்லுங்கள்" என்பார்களா? கணவன் மறைந்தால் மனைவியின் நிலை என்ன? கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விட்டால் அடுப்பை எரிப்பவர் யார்? உரியவர் இறந்தபின், வயது நிரம்பாத பிள்ளை அங்கே வாழ முடியாதென்றால், அந்த வீட்டை அவன் எவ்வாறு விற்பான்? இவற்றுக்கு வாய்மொழி விடை வேண்டாம், எழுத்திலே கேளுங்கள். அதற்கும் முன்னர் ஒரு திங்கள் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். ஒரு வேளை விருந்து எங்கும் சுவைக்கும். முப்பது நாள் சோறுதான் உண்மை பேசும்.

இவ்வளவும் பொருள் படைத்தோருக்கு. மற்றவருக்கு?

வாருங்கள் என்னோடு, தண்பொருநை கடலைத் தழுவும் புன்னக்காயலுக்கு! திருச்செந்தூர் வட்டத்திலே உள்ள மீனவர் ஊர். வலை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன பெரியவருக்கு ஓய்வூதியம் தந்த முதலாளி யார்? பணிக்கொடை தந்த கடல் எது? தோளிலே வலுவிருந்த வரை கடல் சோறு போட்டது. தோள் தளர்ந்ததும் கரை கைவிட்டது. மகன் தூத்துக்குடியிலே கூலி. மருமகள் விடியுமுன் மீன்கூடையோடு கிளம்புகிறாள். கோவைக் குடியிருப்பின் முன்பணத்தைச் சொன்னால், நம்மைப் பார்த்துச் சிரிப்பார் அந்தப் பெரியவர். அவர் முன்னே உள்ளது தேர்வு அன்று, தோழரே. கயிற்றுக் கட்டிலும் காத்திருப்பும்!

2023 டிசம்பரிலே, இவ்வூருக்கு அண்டையிலுள்ள காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை பொங்கிக் கரையோர ஊர்களைக் கலங்கடித்தது. கால் வலுவுள்ளவர் மேட்டுக்கு ஓடலாம். எழுந்து நிற்க இயலாதவர் எங்கே ஓடுவார்? எவரை அழைப்பார்?

இதே புன்னக்காயலுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 16-ஆம் நூற்றாண்டிலே போர்த்துகலிலிருந்து வந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார், இந்தக் கரையிலே ஒரு மருத்துவமனை நிறுவினார். தமிழ் அச்சு நூல்களின் முன்னோடி என்று அவரை ஏடுகள் போற்றுகின்றன. போற்றட்டும்! அந்த மருத்துவமனையைப் பேணுவதிலே ஊராரும் பொருளுதவி செய்தனர் என்பதை நாம் சேர்த்துப் போற்றுவோம். முத்துக் குளித்த மக்கள், மூச்சடக்கி ஈட்டிய பொருளிலே ஒரு பங்கை, முகமறியா நோயாளிக்கு ஈந்தனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரைச் சிற்றூர் செய்ததைக் கோடிக்கணக்கிலே வரவு செலவு போடும் அரசுகள் செய்ய இயலாதா?

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007. கைவிட்ட பிள்ளையைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். திங்களுக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை பெறலாம் என்று வகுத்தது. கைவிட்டவனுக்கு மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் தண்டம் என்று மிரட்டியது. நன்று! மகன் மீது பாய்கிறபோது சட்டத்துக்குப் புலியின் நகம்.

அரசின் கடமையைச் சொல்ல வருகிறபோதோ? 19-ஆம் பிரிவைப் பாருங்கள். முதற்கட்டமாக மாவட்டத்துக்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேர் தங்கும் அளவிலே, மாநில அரசு முதியோர் இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது. அமைக்கலாம்! ஆங்கில மூலத்திலே ஒரே ஒரு சிறு சொல். அதற்குள்ளே ஒரு தலைமுறையின் தலைவிதி! மகனுக்குக் 'கொடுக்க வேண்டும்', அரசுக்குக் 'கட்டலாம்'! ஏழை மகனுக்குக் கட்டளை. வலிமை வாய்ந்த அரசுக்கு விருப்பம்! இது என்ன நீதி?

கோவைக் குடியிருப்புகளுக்காகவும் 2019-ல் நடுவண் அரசின் வீட்டுவசதி அமைச்சகம் விதிகளை வரைந்தது. வழுக்காத தரை, பிடித்து நடக்கக் கைப்பிடி, சக்கர நாற்காலி செல்லும் வழி, கட்டுபவர், பணி செய்பவர், வாங்குபவர் மூவருக்கும் இடையே ஒப்பந்தம், எல்லாம் உண்டு அதிலே. ஆனால் அதன் பெயரே 'மாதிரி' நெறிமுறை, மாநிலங்கள் ஏற்கலாம்! இங்கும் அதே 'லாம்'! அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் கூறோ, முதுமையிலே அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. "பொருளியல் வலிமையின் எல்லைக்குள்" என்று சேர்த்துக்கொள்கிறது. 37-ஆம் கூறு, அதை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றிக்கொள்ள இயலாது என்று கதவைச் சாத்துகிறது.

உதவித்தொகையே இல்லையென்று நான் கூறவில்லை. 1962-ல் நம் மாநிலத்திலே முதியோர் ஓய்வூதியம் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய்! 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு நடுவண் அரசின் திட்டம் வகுத்த பங்கு எவ்வளவு தெரியுமா? மாதம் 200 ரூபாய்! மாத்திரை வாங்கவா? மருத்துவமனைக்குப் பேருந்திலே போகவா? கஞ்சிக்கு அரிசி களையவா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கைவிரிப்போருக்கு இரண்டு நாடுகளைக் காட்டுகிறேன். பிரிட்டன், 1908-ல் சட்டம் இயற்றி, 70 வயது கடந்த ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங் வழங்கியது. பிள்ளை நல்லவனா கெட்டவனா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜப்பான், 2000-ல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயது நிரம்பியோர் அனைவரும் பணம் செலுத்துகின்றனர். முதுமையிலே நலிந்தவரின் வீட்டுக்கே பணியாளர் வந்து குளிப்பாட்டுகின்றனர். நம்மிடமும் வழி இல்லாமலில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்கே மருந்தைக் கொண்டு சென்றது. மருந்து நடந்து வர முடியுமானால், பராமரிப்பும் நடந்து வர முடியும்!

காலம் கடத்தவும் நேரமில்லை. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயது கடந்தவர். இந்திய அளவிலோ 9 பேருக்கும் குறைவு. நாம் முந்தி நரைக்கிறோம்; ஆகவே நாம் முந்தி விழிக்க வேண்டும்.

கேட்க வேண்டியது இதுதான், தோழரே. 19-ஆம் பிரிவின் 'அமைக்கலாம்', 'அமைக்க வேண்டும்' என்று மாறட்டும். மாவட்டத்துக்கு ஒன்று போதாது. வட்டத்துக்கு ஒன்று எழட்டும். புன்னக்காயல் முதியவர் கோவை மலைக்காற்றைக் கேட்கவில்லை. தன் ஊர்க் கடற்காற்று வீசும் தொலைவிலே, அண்டை வீட்டார் வந்து நலம் கேட்கும் தொலைவிலே, ஒரு கட்டிலும் ஒரு செவிலியும் கேட்கிறார். வீட்டிலேயே இருக்க விரும்புவோருக்கு, மருமகளின் முதுகை முறிக்காமல், கூலி பெறும் பணியாளர் வரட்டும்.

கிராம சபை கூடும் நாளிலே எழுந்து நில்லுங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை அமராதீர்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், "ஐயா, உங்கள் வாக்குறுதியிலே 'லாம்' உண்டா, 'வேண்டும்' உண்டா?" என்று கேளுங்கள். நரைத்த தலைக்கு நாடு பட்ட கடனைத் தீர்க்கும் வேலை, அந்த ஒரு கேள்வியிலே தொடங்கட்டும்!