590 ரூபாயில் நின்ற வீடு

ஆசிரியருக்கு,

நீங்கள் வெளியிட்ட வீட்டுக்கடன் வட்டி பற்றிய கட்டுரை படித்தேன். வட்டியை ஒப்பிடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எப்போதோ மூடிவிட்டதாக நான் நினைத்த கிரெடிட் கார்டு ஒன்று, ஆண்டுக் கட்டணம் 590 ரூபாய் பாக்கியோடு என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் உயிரோடு இருந்தது! பணத்தைக் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, பதிவைத் திருத்துவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. பார்த்து வைத்திருந்த வீடும் கைமாறிவிட்டது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் கடன் மதிப்பெண் குறையாது. நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் குறையலாம். பிழை குறித்த புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. அப்போது எனக்கு இது தெரியாது, கேட்கவும் இல்லை.

இன்னொன்று: பாதித் தொகை கட்டி 'செட்டில்மென்ட்' செய்த கடன், முழுதாக அடைத்த கடன் ஆகாது. மைத்துனருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் நம் அறிக்கையில்தான் ஏறும்.

இலவச அறிக்கையை எடுக்கும் முறையைப் படங்களோடு ஒரு பக்கம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கும்பகோணம்