நடவு வயலுக்கு ஒரு மறைப்பு வேண்டும்

ஆயுர்வேதம் என்றதும் நம்மில் பலருக்கு லேகியமும் தைலமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எப்படி உண்பது, எவ்வளவு உழைப்பது, எப்போது உறங்குவது என்று நோய் வராமல் காக்கும் வழியைத்தான் அந்தச் சாஸ்திரம் முதலில் சொல்கிறது. அதில் காசு செலவில்லாத ஒரு விதி நம்முடைய வயல்களில் அன்றாடம் மீறப்படுகிறது.

சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தின் ஏழாவது அத்தியாயம் இதற்கென்றே அமைந்தது. உடலில் இயற்கையாக எழும் 13 வேகங்களை அடக்கக் கூடாது என்பது அதன் சாரம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, உழைத்த களைப்பில் இரைக்கும் மூச்சு எல்லாம் அதில் அடங்கும். நம் சித்த மருத்துவர்கள் 14 என்பார்கள். கணக்கில் ஒன்று கூடினாலும் கருத்து ஒன்றே. சிறுநீரை அடக்கினால் அடிவயிறு உப்பும், நீர்க்கடுப்பு வரும், தலை வலிக்கும் என்று அந்நூல் கூறுகிறது. கீழ்நோக்கிப் போக வேண்டிய வாயு தடைப்படுவதே காரணம் என்பது ஆயுர்வேத விளக்கம். இன்றைய டாக்டர்கள் வாயுவைப் பற்றிப் பேசுவதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும் என்கிறார்கள். விளக்கம் வேறானாலும் இருவரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்.

இப்போது நடவு வயலைப் பாருங்கள். காலையில் சேற்றில் இறங்கும் பெண்கள் பிற்பகல் வரை குனிந்தபடியே நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லை. முன்பு வாய்க்கால் கரையில் தாழம்புதர் இருந்தது, வேலியோரம் மறைவு இருந்தது. நாம் வரப்பையும் வேலியையும் செதுக்கிச் செதுக்கி ஒரு சாணாக்கிவிட்டோம். பக்கத்திலேயே தார்ச்சாலையும் வந்துவிட்டது. 2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தபின் வீடுகளில் கழிப்பறைகள் கட்டப்பட்டது நல்ல காரியமே. ஆனால் வயல் வீட்டிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளியல்லவா இருக்கிறது!

ஆகவே பெண்கள் கண்ட வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. தாகம், சிறுநீர் என இரண்டு வேகங்கள் ஒரே சமயத்தில் அடக்கப்படுகின்றன. வெயிலில் வியர்வை கொட்டும்போது இப்படிச் செய்தால் சிறுநீரகம் வாடும். பெண்களின் உடலமைப்பில் சிறுநீர்த் தொற்று எளிதில் ஏறும். கர்ப்பிணிக்கு வந்தால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோய் விடலாம். நீர் போகும்போது எரிச்சல், குளிர்காய்ச்சல், விலாப்புறத்தில் வலி என்றால் நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

கூலியும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து, இதுவும் வேறா என்று சிலர் முணுமுணுப்பார்கள். சிறு விவசாயிக்கு இது ஊரார் காரியம் அல்ல. அந்த வரிசையில் அவருடைய மனைவியும் மருமகளும்தானே நிற்கிறார்கள்! மேலும், சரக சம்ஹிதையின் அதே அத்தியாயத்தில் அடக்க வேண்டிய வேகங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன: பேராசை, கோபம், பொறாமை, கடுஞ்சொல். கரையில் குடைபிடித்து நின்று, "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று அதட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை யாரிடமாவது கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

வெட்கத்தினால் எந்தப் பெண்ணும் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டாள். நிலக்காரர் கேட்காமலே செய்ய வேண்டும். நான்கு சவுக்குக் கழிகள், சுற்றிக் கட்டக் கீற்றுத் தட்டியோ சாக்குப் படுதாவோ போதும். கிணற்றுக்கு 50 அடியாவது தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில், முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுங்கள். உள்ளே ஒரு குடம் தண்ணீர், சோப்பு, கொஞ்சம் சாம்பல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் குழியை மண் தள்ளி மூடிவிட்டுக் கழிகளைப் பிடுங்கிக் கொள்ளலாம். கரையில் நிழலான இடத்தில் மூடிய பானையில் நல்ல தண்ணீரும், முடிந்தால் மோரோ நீராகாரமோ வையுங்கள். வெயில் ஏறிய பிறகு அரை மணிக்கு ஒருமுறை கரையேறிக் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதனால் நடவு ஒன்றும் பின்தங்கிவிடாது.

தனியாகச் செய்ய முடியாதவர்கள் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு மறைப்பு செய்து, நடவு நடக்கும் வயலுக்கு மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். நாற்று விடும்போதே கீற்று முடைந்து வைத்தால், நடவு நாளன்று நாற்று முடிகளோடு அதையும் வண்டியில் ஏற்றிவிடலாம்.